சாக்கடைக்கு ஒரு அகல்

குணசேகரனுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கார்த்திகைத் தீபம் என்று சொல்லி லீவு போட்டவன், தீபத்தைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடந்தபடி, மனைவி வனஜா எப்போது மார்க்கெட்டுக்குக் கிளம்புவாள் என்று காத்துக்கிடந்தான். அவளோ அன்றைக்கென்று பையைத் தேடினாள், குடையைத் தேடினாள், போன வருஷத்து அகலில் எத்தனை உடைந்திருக்கிறது என்று பரணில் ஏறிப் பார்த்தாள். ஒரு வழியாகப் பொரியும் வெல்லமும் புது அகலும் வாங்க அவள் ஆவடிக்குப் பஸ் ஏறிய பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

பின்பக்கம், குளியலறைச் சுவரோரம், கோணிக்கும் உடைந்த நாற்காலிக்கும் அடியில் ஒரு கேன் இருந்தது. பத்து லிட்டர் கேன். அதன் கழுத்துக்குக் கொஞ்சம் கீழேவரை பெட்ரோல். ஒரு வருஷத்துக்கு மேலாக அங்கேயே கிடந்து கெட்டுப்போன பெட்ரோல்.

போன வருஷம் வளைகுடாவில் சண்டை வரப்போகிறது, பெட்ரோலுக்கு ஊரே அலையப்போகிறது என்று அவன் வேலை பார்க்கும் அரசாங்க பேக்டரியின் கேன்டீனில் பேசாத வாய் இல்லை. பேசியவர்கள் எல்லாம் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். குணசேகரன் மட்டும் அதை மனசில் போட்டுக்கொண்டு, பங்க்கில் வரிசையில் நின்று கேனை நிரப்பி, ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். வந்த நாளிலிருந்து அதன்மேல் அவனுக்கு ஒரு பெருமை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்றான். சண்டை வந்தது, அவன் தொடவில்லை. சண்டை முடிந்தது, அப்போதும் தொடவில்லை. ஊரில் பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது. அவன் கேன் மட்டும் வராத பஞ்சத்துக்காகக் காத்திருந்தது.

ஆடி மாசம் ஒருநாள் ஸ்கூட்டரில் அதைக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு பூந்தமல்லிக்குக் கிளம்பினான். கரையான்சாவடி தாண்டுவதற்குள் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. ரோட்டோரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஷஃபியுல்லா பாய் டேங்கின் மூடியைத் திறந்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். வார்னிஷ் வாடை அடிக்குது, எவ்வளவு நாள் பழசு என்று கேட்டார். குணசேகரன் மென்று விழுங்கிச் சொன்னான்.

"வண்டிக்குத்தான் இது கெட்டுப்போச்சு சார். நெருப்புக்குக் கெடல, அத்த மறந்துடாதீங்க" என்றார் பாய். "மண்ணுலயோ சாக்கடைலயோ ஊத்தி வைக்காதீங்க. இறுக்க மூடி அப்டியே இங்க எடுத்தாந்துடுங்க. வண்டி சாமான் கழுவ எனக்கு ஆவும்."

இதைவிட நல்ல வழி எவன் சொல்வான்? ஆனால் அந்தக் கேனை எப்படி வெளியே கொண்டுபோவது? பேக்டரிக்காரர்களின் குவார்ட்டர்ஸுக்கு ஒரே கேட், அதில் எப்போதும் செக்யூரிட்டி. உள்ளே எதைக் கொண்டு வந்தாலும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வெளியே போகிற பையைத்தான் பிரிப்பார்கள். யூனிபார்ம் சட்டை போட்ட பேக்டரிக்காரன் ஒருவன் கேன் நிறையப் பெட்ரோலோடு வெளியே போனால், அரசாங்க வண்டிக்கு ஊற்றுவதை உறிஞ்சிக் கடத்துகிறான் என்றுதான் எழுதுவார்கள். இல்லை என்று நிரூபிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். வேறு எங்காவது குடியிருப்பவனுக்கு இந்தக் கவலையே வந்திருக்காது. சின்ன பாட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்கலாம். அதுவும் அவனுக்குத் தோன்றியது. அடுத்த வாரத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றும் தோன்றியது. அந்த அடுத்த வாரம் ஐப்பசி முடிந்தும் வரவில்லை.

இதற்கு நடுவில் வனஜா, அந்த வாடையில் தலை வலிக்கிறது, கேனை ஒழித்துக்கட்டினால்தான் ஆச்சு என்று பிடித்துக்கொண்டாள். தொல்லை தாங்காமல் ஒருநாள், பாய் கடையில் கொடுத்துவிட்டேன் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான். கேன் சமையலறைப் பக்கத்திலிருந்து குளியலறைப் பின்புறத்துக்குக் குடிபெயர்ந்ததுதான் மிச்சம். அவள் நம்பினாள். அவள் நம்பியதுதான் அவனுக்கு அதன்பிறகு பெரிய உறுத்தலாக இருந்தது.

இப்போது எஸ்டேட் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். வேறொரு பிளாக்கில் மண்ணெண்ணெய் டின் தீப்பிடித்ததால், வீடு வீடாகப் பின்பக்கம் வந்து பார்க்கப் போகிறார்களாம். எண்ணெய், பெட்ரோல் பதுக்கியிருந்தால் குவார்ட்டர்ஸ் கேன்சல். அதைப் படித்ததும் குணசேகரன் கேனின்மேல் இன்னொரு கோணியை இழுத்துப் போட்டான். பட்டாபிராமில் ஒற்றை ரூமில், பத்துக் குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ் என்று எத்தனையோ வருஷம் ஓட்டியபிறகு கிடைத்த வீடு. சாவி வாங்கிய அன்று வனஜா ஒவ்வொரு ரூமாகப் போய் நின்று பார்த்துவிட்டு வந்து அழுதாள். அந்த வீட்டை ஒரு கேனுக்காக விடுவதா?

அதனால்தான் அன்று காலை, அவள் தலை மறைந்ததும், கேனைத் தூக்கிவந்து பின்வாசல் சாக்கடையில் கவிழ்த்தான்.

அந்த வரிசையில் ஆறு வீடு. வீடுகளின் பின்னால் கல் பாவி மூடிய சாக்கடை ஒன்று நீளமாக ஓடியது. ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக ஒரு திறப்பு. முதல் வீடு குணசேகரனுடையது. தண்ணீர் அங்கிருந்து இறங்கிக் கடைசி வீட்டைத் தாண்டிப் பெரிய கால்வாயில் விழும். ராத்திரியெல்லாம் மழை பெய்திருந்தது. தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும் என்று கணக்குப் போட்டான். இரண்டு பக்கெட் தண்ணீரையும் பின்னாலேயே ஊற்றினான். கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்தபோது, தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல இருந்தது. பாய் சொன்னது அப்போது ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. வந்ததை ஒரு ஓரமாக உட்காரவைத்தான்.

வனஜா திரும்பி வந்ததும் வராததுமாக மூக்கைச் சுளித்தாள். "இன்னா இது, இன்னும் அந்த வாடை வர்ற மாரி கீது?"

கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தேன், அதுதான் என்றான். அவள் அதையும் நம்பிவிட்டு அகல்களைத் தண்ணீரில் ஊறப்போட்டாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் கை கழுவ வந்தவன், அப்படியே நின்றுவிட்டான். வரிசையின் கடைசியில் லோகநாயகி அம்மாள் தன் வீட்டுச் சாக்கடை ஓரத்தைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கல்லில் சின்னதாக ஒரு கோலம் போட்டாள். கோலத்தின் நடுவில் ஓர் அகலை வைத்து, சரியாக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கார்த்திகை அன்று வாசலுக்கும் மாடத்துக்கும் மட்டுமா விளக்கு? குப்பைமேட்டுக்கு ஒன்று, சாக்கடைக்கு ஒன்று. அன்று எந்த இடமும் இருட்டாக இருக்கக்கூடாது. பிறந்ததிலிருந்து பார்த்துவரும் வழக்கம். காலையில் கேனைத் தூக்கியபோது அது எங்கே போய்த் தொலைந்தது?

ஓடிப்போய்த் தன் வீட்டுத் திறப்பில் குனிந்து பார்த்தான். கறுப்புத் தண்ணீர்தான் தெரிந்தது. முகர்ந்தான். காலையிலிருந்து அந்த வாடையிலேயே ஊறிய மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாம் கீழே போய்விட்டது, இங்கே ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாகவும் இருந்தது. வனஜாவிடம் எதையும் சொல்ல வேண்டாம் அல்லவா. சொல்வதென்றால் பாய் கடைப் பொய்யிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆனால் சாக்கடையின் கீழ்ப்பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லாமல் முடியாது. அதிலும் லோகநாயகியின் கணவர்தான் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். மனுஷர் தீபம் பார்க்கத் திருவண்ணாமலை போயிருந்தார். அவளிடம் பெட்ரோல் என்று சொன்னால் அது நேரே எஸ்டேட் ஆபீஸிலேயே சொன்னதுபோல. இரண்டு முறை அவள் வீட்டுப் படிவரை போய்விட்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பவனைப்போலப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். மூன்றாவது முறை போனபோது அவன் வாயிலிருந்து பாம்பு வந்தது.

சாக்கடைக்குள் கட்டுவிரியன் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்றான். நீளம் காட்டக் கையை விரித்தான். யாரும் பின்பக்கம் போகவேண்டாம், சாக்கடை ஓரம் குனிந்து விளக்கு வைக்கவேண்டாம், விஷயம் விளையாட்டில்லை என்றான். நல்ல பொய் ஒன்று கிடைத்துவிட்ட தெம்பில் வீடு வீடாக ஏறி இறங்கி, இரண்டாம் வீட்டிலிருந்து ஆறாம் வீடுவரை ஒருவர் விடாமல் சொல்லி முடித்தான்.

மழைக்காலத்தில் அங்கே பாம்பு வராத வீடு இல்லை. அதனால் எல்லாரும் நம்பினார்கள். நம்பியதுதான் வினையாகிப்போனது.

லோகநாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தீபத்தன்று பாம்பு கண்ணில் பட்டால் அது சும்மா வந்ததில்லை, அம்மனே வந்திருக்கிறாள்; விளக்கு வைக்காமல் விட்டால்தான் குற்றம் என்றாள். ஒரு அகல் என்று இருந்ததை ஐந்தாக்கினாள். பக்கத்தில் பாலும் வைக்கப்போகிறாளாம்.

நாலாம் வீட்டு உத்தமன் வேறு மாதிரி. குணசேகரனோடு பேக்டரியில் ஒரே ஷாப்பில் வேலை பார்ப்பவன். கல்யாணப் பந்தலோ சாவோ, முதலில் வேட்டியை மடித்துக் கட்டுகிறவன் அவன்தான். குழந்தைகள் நடமாடுகிற இடத்தில் விரியனை விடுவதா என்று உடனே வேலையில் இறங்கிவிட்டான். ஒரு மூங்கில் கழி எடுத்தான். அதன் நுனியில் பழைய சாக்கைச் சுற்றிக் கம்பியால் கட்டினான். மண்ணெண்ணெயில் முக்கினான். கடைசி வீட்டுத் திறப்பில் தீப்பந்தத்தை விட்டால் புகைக்குப் பயந்து பாம்பு தானாக வெளியே வரும் என்று விளக்கம் வேறு சொன்னான்.

குணசேகரன் அவன் பின்னாலேயே அலைந்தான். பாம்பு போயிருக்கும் என்றான். கட்டுவிரியன் இல்லை, தண்ணீர்ப் பாம்பாகவும் இருக்கலாம் என்றான். நல்ல நாளில் ஒரு உயிரைக் கொல்வது பாவம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். உத்தமன் சிரித்தான்.

"இன்னா மாமே, மத்தியானம் அவ்ளோ நீளம் காட்டின, இப்ப தண்ணிப் பாம்பாப் பூட்ச்சா? பயந்தா தள்ளிக்கினு நில்லு."

பொழுது சாய்ந்தது. முன்வாசல்களில் ஒன்றன்பின் ஒன்றாக அகல்கள் எரிய ஆரம்பித்தன. மைதானத்தில் மாவலி சுற்றத் தொடங்கிவிட்டார்கள்; கரித்தூள் பொட்டலம் பொறி பறக்கச் சுழன்றது. ஒவ்வொரு பொறி விழும்போதும் குணசேகரன் சாக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கடைசி வீட்டின் பின்பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவன் அங்கே போய்ச் சாக்கடைத் திறப்பைப் பார்த்தான். தண்ணீர் ஓடவில்லை. பிளாஸ்டிக் பையும் வாழைச்சருகும் வாயில் அடைத்துக் குட்டையாகத் தேங்கி நின்றது. தண்ணீரின்மேல் கலர் கலராக ஒரு படலம்.

உத்தமன் தீப்பெட்டியை உரசினான். சாக்கு குபுகுபுவென்று பிடித்துக்கொண்டது. அதே நேரம் லோகநாயகி தட்டில் ஐந்து அகலை ஏற்றிக்கொண்டு, காற்றில் அணையாதபடி முந்தானையால் மறைத்தபடி, சமையலறைப் படியில் இறங்கினாள். ஒரு பக்கம் பந்தம், ஒரு பக்கம் தட்டு. இரண்டும் திறப்பை நோக்கித்தான் வந்தன.

குணசேகரன் திறப்பின்மேல் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"பாம்பு இல்ல உத்தமா. பெட்ரோல். பத்து லிட்டர் பெட்ரோல், நான்தான் காலைல ஊத்தினேன். பந்தத்த அப்டியே பின்னால கொண்டு போ."

உத்தமன் பந்தத்தைப் பின்னோக்கி எடுத்துப்போய், ரோட்டோரச் சேற்றில் குத்தி அணைத்தான். லோகநாயகி படியிலேயே நின்று அகல்களை ஒவ்வொன்றாக ஊதி அணைத்தாள். தீபத்தன்று விளக்கை வாயால் ஊதலாமா என்று அப்போது அவளும் யோசிக்கவில்லை. எல்லாரும் சாக்கடையை விட்டு முன்பக்க ரோட்டுக்கு நகர்ந்தார்கள். அங்கே போனபிறகுதான் வசவு ஆரம்பித்தது. அறிவு இருக்கிறதா என்று கேட்டார்கள், சோறுதான் தின்கிறாயா என்று கேட்டார்கள். உத்தமன் சட்டைக்காலரைப் பிடித்துவிட்டு, பிறகு தானே விட்டான். குணசேகரன் எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். கேனில் ஆரம்பித்து கேட், நோட்டீஸ், குவார்ட்டர்ஸ் என்று எதையும் மறைக்காமல் சொன்னான். லோகநாயகி அம்மாளின் வீட்டுக்காரருக்குப் பயந்துதான் பாம்பு என்றேன் என்றும் சொன்னான்.

லோகநாயகி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவருக்கா பயந்தீங்க? எங்க வீட்டுக் கட்டிலுக்குக் கீழயே ரெண்டு டின் கிருஷ்ணாயில் இருக்குது. அந்த நோட்டீசை ஒட்டிட்டு வந்ததும் அவரேதான் அதைத் துணி போட்டு மூடி வச்சாரு" என்றாள். "மத்தியானமே நெசத்தைச் சொல்லியிருந்தீங்கன்னா, யாரும் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டோம். நாளைக்கு அடைப்பை எடுத்து விட்டுக்கலாம். நான் அவருகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன், போங்க."

யாரோ சிரித்தார்கள். வைதவர்களே சிரிக்க ஆரம்பித்தார்கள். உத்தமன் கையை விரித்துக் கட்டுவிரியனின் நீளத்தைக் காட்டினான். வீடு போகாது, வேலைக்கும் ஒன்றுமில்லை, ஒரு உயிருக்கும் சேதமில்லை. குணசேகரனும் சிரித்தான். இவ்வளவுதானா, இதற்கா இந்தப் பாடு பட்டேன் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மேல்கோடியில் குப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

கல்லுக்கடியில் எதுவோ உறுமிக்கொண்டு ஓடியது. வீடுகளுக்குப் பின்னால் ஒவ்வொரு திறப்பிலும் நெருப்பு எழுந்து, ஆள் உயரத்துக்கு நின்று, தாழ்ந்தது. கடைசி வீட்டுத் திறப்பில் எழுந்தது எல்லாவற்றையும்விடப் பெரியது. கொஞ்சநேரம் முன்பு அவர்கள் நின்றிருந்த இடம் அதுதான்.

கீழே அடைத்துக்கொண்ட தண்ணீர் எங்கே போகும்? மழைத் தண்ணீர் சேரச் சேர மேல்நோக்கி ஏறியிருக்கிறது. மிதந்த பெட்ரோல் அதோடு வந்து, ஊற்றிய வாயிலேயே திரும்ப நின்றிருக்கிறது. குணசேகரனுக்கு இதெல்லாம் ஓடும்போதே புரிந்துவிட்டது. வனஜா என்று கத்தினானா, சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

அவள் பின்வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்மயிர் பொசுங்கியிருந்தது. புருவம் இல்லை. வலது கை முழங்கைவரை செக்கச் சிவந்து, தோல் அங்கங்கே வெளுத்துக் கிடந்தது. நல்லவேளையாகப் பருத்திப் புடவை. பற்றிய முந்தானையை அவளே காலால் மிதித்து அணைத்திருந்தாள். சாக்கடை ஓரம் அவள் போட்ட கோலத்தில், ஏற்றிவைத்த அகல் சில்லுச் சில்லாகச் சிதறிக் கிடந்தது.

இரண்டாம் வீட்டுப் பெண்மணி ஓடிவந்து தண்ணீரை மொண்டு மொண்டு அவள் கையில் ஊற்றினாள். பேக்டரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உத்தமன் வண்டி பிடிக்க ஓடினான். கடவுளே, பாம்பு என்றுதான் எங்களிடமும் சொன்னார், அதனால்தான் நாங்கள் யாரும் விளக்கு வைக்கவில்லை, உனக்குத் தெரியாதா வனஜா என்று அந்தப் பெண்மணி படபடவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பாம்பு, பெட்ரோல், கேன் எல்லாம் அவள் வாயிலிருந்தே வந்தன.

வனஜா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் தலையைத் திருப்பி, எதிரே மண்டியிட்டிருந்த புருஷனைப் பார்த்தாள். அழுகை இல்லை, கோபமும் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பவள்போலத்தான் கேட்டாள்.

"எல்லார் ஊட்டுக்கும் போய்ச் சொன்னீங்களே. பொய்யாச்சும் சொன்னீங்க. எனக்கு ஏன் அதுகூடச் சொல்லல?"

வெளியே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. குணசேகரன் எழுந்து அவளைத் தூக்கக் குனிந்தான். அவள் இடது கையைச் சுவரில் ஊன்றி, தானாகவே எழுந்து நடந்தாள்.